மேளதாளத்துடன் ஒரு வெளியேற்றம்

போன வாரம் மத்தியானச் சாப்பாட்டில் கை வைத்த நேரம், நான் முன்பு வேலை பார்த்த நிறுவனத்திலிருந்து ஒரு பிள்ளை தொலைபேசியில் கூப்பிட்டாள். புதிதாகச் சேர்ந்தவளாம். குரலில் பயம் கலந்த மரியாதை.

"அங்கிள், மாநாட்டுல இருந்து ஒருத்தர வெளியேத்துறதுக்கு நடைமுறை என்னன்னு கேக்கச் சொன்னாங்க. இங்க அதச் செஞ்ச ஒரே ஆள் நீங்கதானாம்."

"யாரை வெளியேத்தப் போறீங்க?"

"யாரையும் இல்ல அங்கிள். ஒழுக்கக் கோவையைத் திருத்தி எழுதுறோம். அதுல இதுக்கு ஒரு பந்தி வேணுமாம்."

ஒரு பந்தியாம்! எழுதி அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டுச் சாப்பிட்டு முடித்தேன். எழுத உட்கார்ந்தால் காரியம் ஒரு பந்தியில் அடங்குவதாக இல்லை. அதனால் நடந்ததை நடந்தபடியே எழுதிவிடுகிறேன். இதிலிருந்து பந்தியைப் பிய்த்து எடுப்பது அவர்கள் பாடு.

என் பெயர் சவரிமுத்து. மஹய்யாவவில் பிறந்து, அங்கேயே கல்யாணம் கட்டி, இன்னும் அங்கேயே இருப்பவன். கண்டியிலிருந்து பேராதனைக்குப் போகும் வழியில் உள்ள ஓர் ஆராய்ச்சி நிறுவனத்தில் அலுவலக உதவியாளனாகச் சேர்ந்து, எழுதுவினைஞனாகி, கடைசியில் மாநாட்டு ஒழுங்கமைப்பு உதவியாளன் என்ற நீளமான பதவியோடு ஓய்வு பெற்றேன். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். ஆரம்ப வருஷங்களைப் பற்றிச் சொல்லவும் ஒன்றுமில்லை. கதிரை தூக்கினேன், ஒலிவாங்கிக்கு வயர் இழுத்தேன், மின்சாரம் போன போதெல்லாம் நான்தான் போக வைத்தேன் என்பது போலத் திட்டு வாங்கினேன். பிறகு ஒருநாள் விருந்தினர் வரவேற்பு என் கைக்கு வந்தது. அதோடு என் வாழ்க்கையே மாறியது என்று சொல்லலாம்.

வரவேற்பு என்றால் வாசலில் நின்று பல்லைக் காட்டுவது என்று நினைப்பவர்கள் உண்டு. அவர்களிடம் ஒரு மாநாட்டைக் கொடுத்துப் பார்க்க வேண்டும். முதலில் வாகனம். அது போர்ட்டிகோவில் நிற்கும்போது பின்பக்க இடது கதவு படிக்கட்டின் நடுவுக்கு நேராக இருக்க வேண்டும். கொஞ்சம் முன்னால் போனால் விருந்தினரின் கால் அந்தூரியம் சாடிக்குள் போகும். பின்னால் நின்றால் தண்ணீர் ஓடும் கானுக்குள். எங்கள் சாரதி பண்டாவுக்காகத் தரையில் சோக்கால் கோடு போட்டுக் கொடுத்து, கோடு அழிந்த பிறகும் அங்கேயே நிறுத்தும் அளவுக்குப் பழக்கியிருந்தேன். கதவு திறந்ததும் கண்டிய மேளம் தொடங்க வேண்டும். மேளம் தொடங்கியதும் வெற்றிலைக் கட்டோடு ஒரு மாணவி முன்னால் வருவாள், இன்னொருத்தி மாலையோடு. அறிவிப்பாளர் ஒலிவாங்கியை எடுத்து விருந்தினரின் பட்டங்களை வாசிப்பார். படம் பிடிப்பவர் பின்பக்கமாகவே படியேறுவார். அவர் மல்லாக்க விழாமல் இருக்க அவருடைய இடுப்புப் பட்டியைப் பிடித்துக்கொண்டு ஒருவர் போவார். பிறகு மங்கள விளக்கு. விளக்கேற்ற முன் சப்பாத்துக் கழற்ற வேண்டும் என்பதால், லேஸ் கட்டாத சப்பாத்தில் வரும்படி விருந்தினருக்கு முன்கூட்டியே நாசூக்காகச் சொல்லிவிடுவேன். திரிகளை விடியக் காலையிலேயே ஒருமுறை பற்றவைத்து அணைத்து வைப்பேன். கருகிய திரி சட்டென்று பிடிக்கும். பெரியவர்கள் மெழுகுதிரியைப் பிடித்துக்கொண்டு விளக்கோடு மல்லுக்கட்டும் அவமானம் எங்கள் நிறுவனத்தில் ஒருபோதும் நடந்ததில்லை.

வழியனுப்புவதும் இதே வரிசைதான், விளக்கு மட்டும் கிடையாது. இதில் எனக்கு இருந்த பெருமை என்னவென்றால், நான் வாயைத் திறந்து யாருக்கும் உத்தரவு போட வேண்டியதில்லை. வாகனம் படிக்கட்டுக்கு நேராக வந்து கதவு திறந்தால் போதும். மேளக்காரர், மாணவிகள், அறிவிப்பாளர், படக்காரர், எல்லோரும் தம் தம் வேலையைத் தாங்களாகவே தொடங்கிவிடுவார்கள். அப்படிப் பழக்கி வைத்திருந்தேன். பழக்கியது பிழையென்று பிற்பாடு சிலர் சொன்னார்கள். நான் இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை.

எங்கள் பணிப்பாளர் பேராசிரியர் ஞானசேகரம் யாழ்ப்பாணத்துக்காரர். மெல்லிய மனிதர், மெல்லிய குரல். அவர் வாயிலிருந்து "இல்லை" என்ற சொல் வந்து நான் கேட்டதில்லை. முடியாத காரியத்தோடு யாராவது வந்தால் "ஓம், ஒருக்காப் பாப்பம்" என்பார். அறவே முடியாததென்றால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சேர்ட் நுனியால் துடைக்கத் தொடங்குவார். வந்தவர் எழுந்து போகும்வரை துடைப்பார். கோபமும் அவருக்கு அந்தக் கண்ணாடி வழியாகத்தான் வரும். ஒருமுறை அமைச்சு ஒன்றிலிருந்து வந்த தொலைபேசி அழைப்பின்போது துடைத்த துடைப்பில் ஒரு வில்லையே கழன்று தரையில் உருண்டது. தன் வாயால் ஒருவரைக் கடிந்து அனுப்புவதைவிட மலையேறிக் கொழுந்து பறிக்கப் போய்விடுவார் என்று நாங்கள் பேசிக்கொள்வோம்.

இப்படிப்பட்டவரிடம்தான் ஒழுக்கக் கோவை வந்து சேர்ந்தது. கொண்டுவந்தவர் அலவத்துகொடையைச் சேர்ந்த கலாநிதிப் பட்டம் பெற்ற இளம் விரிவுரையாளர் ரிஹானா. வெளிநாட்டு மாநாடுகளில் எல்லாம் இது இருக்கிறது, பங்குபற்றுகிறவர்கள் எல்லோரும் பயமில்லாமல் வந்து போக வேண்டும், நாங்களும் ஒன்று வைக்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். நிறுவனம் ஒத்துக்கொண்டது. ஆனால் புதிதாக எழுத நேரமில்லை என்று எங்கேயோ ஒரு வெளிநாட்டு மாநாட்டின் கோவையை எடுத்து அப்படியே தமிழாக்கினார்கள். அதில் நீச்சல் தடாகத்தின் அருகே எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று ஒரு பகுதி இருந்தது. எங்களிடம் தண்ணீர் என்று இருந்ததெல்லாம் கூரைமேல் ஒரு தாங்கி மட்டும்தான். அந்தப் பகுதியை வெட்டலாமா வேண்டாமா என்று ஒரு முழுக் கூட்டம் நடந்தது.

"இருக்கட்டும்" என்றார் பணிப்பாளர். "நாளைக்கு ஆராவது கட்டித் தந்தால் என்ன செய்யிறது?"

கோவையின்படி ஒவ்வொருவரும் தாம் எப்படி அழைக்கப்பட விரும்புகிறார் என்பதைக் கேட்டு அதையே கழுத்தட்டையில் அச்சடிக்க வேண்டும். கேட்டோம். மாணவர்கள் தங்கள் பெயரை எழுதினார்கள். பேராசிரியர்கள் அத்தனை பேரும் "சேர்" என்று எழுதினார்கள். பதிவு மேசை முழுக்க "சேர்" பரந்து கிடந்தது. எந்த அட்டை எந்த சேருடையது என்று தெரியாமல், கோபமடைந்த சேர்மார் ஒருவர் கழுத்திலிருந்து மற்றவர் கழுத்துக்கு மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டார்கள்.

அமைதி அறை ஒன்று இருக்க வேண்டும் என்றும் இருந்தது. மனம் கலங்கியவர்கள் போய் உட்கார ஒரு இடம். ஒதுக்கினோம். குடைகளும் சோத்துப் பார்சல்களும் அங்கேதான் வைக்கப்பட்டன. பண்டா அங்கே படுத்துத் தூங்கினான். அமைதிக்கு மட்டும் குறைவில்லை.

கடைசியாக, யாருக்காவது தொந்தரவு நேர்ந்தால் போய்ச் சொல்வதற்கென்று தூரத்திலிருந்தே அடையாளம் தெரியக்கூடிய ஓர் ஆள் வேண்டும் என்று போட்டிருந்தது. எல்லோருக்கும் தெரிந்த முகம் என்று என்னை நியமித்தார்கள். அடையாளத்துக்கு, கட்டுகஸ்தோட்டையில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் வாங்கிய செம்மஞ்சள் நிற மேற்சட்டை. வீதி வேலை செய்கிறவர்கள் போடுவது. அதைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றால், மாநாட்டின் முதல் நாள் முழுக்க என்னிடம் வந்தவர்கள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்கள், வாகனத்தை எங்கே நிறுத்துவது என்று. மறுத்துப் பார்த்துக் களைத்துப்போய், சாயங்காலம் ஆனபோது நானே கையைக் காட்டி நிறுத்த வைத்துக்கொண்டிருந்தேன்.

இரண்டாம் நாள் காலையும் அதேதான். சாப்பாட்டுக்காரரின் லொறி பின்பக்கமாக வந்துகொண்டிருந்தது. "வா, வா, வா" என்று கையை ஆட்டிக்கொண்டிருந்தேன். கலஹா பஸ்ஸிலிருந்து இறங்கி வந்த ஒரு பிள்ளை என் பக்கத்தில் வந்து நின்றாள். கழுத்தட்டையில் யோகேஸ்வரி என்று இருந்தது.

"அங்கிள், தொந்தரவு ஏதாச்சும் இருந்தா ஒரேஞ்சு சட்டைக்காரர்கிட்ட சொல்லலாம்னு போட்டிருந்திச்சு. நீங்கதானா?"

"ஆமா பிள்ள, சொல்லுங்க." கை லொறியைப் பார்த்து ஆடிக்கொண்டே இருந்தது.

"நேத்து டீ குடிக்கிற நேரம் அழகரத்தினம் சேர் என் கையப் பிடிச்சுக்கிட்டு விடல. நம்பர் கேட்டார். நான் குடுக்கல. பதிவு மேசையில போய் வாங்கிட்டார். வீட்டுக்குப் போனா கூப்பிட்டுக்கிட்டே இருந்தார். ஹோட்டலுக்கு ஸ்லைட் எல்லாம் கொண்டு வா, ரூமுல வச்சுத் திருத்தித் தாறேங்கிறார். வர மாட்டேன்னு சொன்னேன். அப்ப நாளைக்கு உன் அமர்வுக்கு நான்தான் தலைவர், நீ எப்படிப் பேசுறன்னு பாக்கிறேங்கிறார்."

என் கை கீழே விழுந்துவிட்டது. லொறி அந்தூரியம் சாடிகள் மேல் ஏறியது. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

பேராசிரியர் அழகரத்தினம் யாரென்று தெரியாதவர்கள் எங்கள் வட்டாரத்தில் இல்லை. எந்த மாநாட்டுக் குழுவை எடுத்தாலும் அதில் இருப்பார். நானே அவரைப் பலமுறை மாலை போட்டு இறக்கியிருக்கிறேன். 

"வாசிக்காமப் போயிருவோம்னு பாத்தேன் அங்கிள். ஆனா ஒரு மாநாட்டுலயாவது வாசிச்சாத்தான் ஆய்வேட்டை ஒப்படைக்க விடுவாங்க. எனக்கு இந்த மாசத்தோட தவணை முடியுது. இத விட்டா வேற மாநாடும் இல்ல. அவர் இருந்தா என்னால வாசிக்க முடியாது. வாசிக்காமயும் இருக்க முடியாது."

அவள் அழவில்லை. கையில் இருந்த கட்டுரைக் கோப்பை மட்டும் நெஞ்சோடு இறுக்கிப் பிடித்திருந்தாள்.  அவள் சம்மதத்தோடு நேரே ரிஹானாவிடம் கூட்டிப்போனேன்.

ரிஹானா தாமதிக்கவே இல்லை. பிள்ளையின் தொலைபேசியில் இருந்த அழைப்புகளைப் பார்த்தார், பதிவு மேசையில் கேட்டார், பிறகு அழகரத்தினத்தையே போய்க் கேட்டார். அவர் சிரித்துக்கொண்டு, "சின்னப் பிள்ளைக்கு உதவி செய்யிறதும் குற்றமோ?" என்றாராம். கூப்பிடவில்லை என்று சொல்லவே இல்லை.

எங்கள் மாநாட்டுக் குழு பணிப்பாளரோடு அமைதி அறையில் கூடியது. பண்டாவை எழுப்பி வெளியே அனுப்பிவிட்டுக் குடைகளுக்கும் பார்சல்களுக்கும் நடுவில் உட்கார்ந்தார்கள். பங்குபற்றுபவர் ஒருவரை மாநாட்டை விட்டுப் போகும்படி கேட்கலாம் என்று கோவையில் தெளிவாக இருந்தது. ஆனால் அந்த வசனத்தைத் தமிழில் பார்த்ததும் எல்லோருக்கும் வியர்த்துவிட்டது. எங்கள் ஊரில் கல்யாண வீட்டுக்கு அழைப்பில்லாமல் வந்தவனைக்கூடச் சாப்பிட வைத்துத்தான் அனுப்புவோம்.

ஒருவர், பிள்ளையை வேறு அமர்வுக்கு மாற்றலாம் என்றார். வேறு அமர்வு இல்லை. இன்னொருவர், அழகரத்தினத்தின் வீட்டில் தண்ணீர்க் குழாய் உடைந்துவிட்டதாக யாரையாவது கொண்டு தொலைபேசியில் சொல்ல வைக்கலாம் என்றார். மூன்றாமவர், மண்டபங்களின் பெயர்ப் பலகைகளை மாற்றிவிட்டால் அவர் தவறான மண்டபத்துக்குப் போய்த் தலைமை தாங்கிக்கொண்டிருப்பார், யாருக்கும் நோகாது என்றார். அந்த யோசனைக்கு நல்ல ஆதரவு இருந்தது. அந்தத் தவறான மண்டபத்தில் யார் கட்டுரை வாசிப்பது என்பதுவரை பேசத் தொடங்கிவிட்டார்கள்.

ரிஹானா மேசையில் தட்டினார். "நாங்க எழுதினத நாங்களே செய்யாட்டி எதுக்கு சேர் எழுதின? நீச்சல் தடாகத்துக்கா?"

பணிப்பாளர் கண்ணாடியைக் கழற்றினார். போச்சு, துடைக்கப் போகிறார், பிள்ளையின் கதை அவ்வளவுதான் என்று நான் நினைத்தேன். அவர் துடைக்கவில்லை. கண்ணாடியை மடித்துப் பையில் போட்டார்.

"அனுப்புவம்" என்றார். "நானே சொல்லுறன். ஆனால் மரியாதையா அனுப்புவம். சவரி, வாகனத்துக்குச் சொல்லும்."

எனக்கு அந்த மனிதரைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போல் இருந்தது. ஓடிப்போய் பண்டாவிடம், "வாகனத்த போர்ட்டிகோவுக்கு எடு" என்றேன். நான் செய்தது அவ்வளவுதான். வேறு ஒரு சொல் சொல்லியிருந்தால் என்னைக் கேளுங்கள்.

பணிப்பாளர் தேநீர்க் கூடத்துக்குப் போய், பட்டிஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்த அழகரத்தினத்தைத் தனியாக அழைத்து வந்தார். நாலு பேர் காதில் விழாமல் சொல்வதற்கு ஆளில்லாத இடம் போர்ட்டிகோதான் என்று நினைத்தார். அமர்வு தொடங்கும் நேரம், எல்லோரும் மண்டபத்தில் இருந்தார்கள். ஆனால் நிறைவு விழாவின் பிரதம விருந்தினருக்காகச் சாயங்காலம் வரவேண்டிய மேளக்காரர்கள், வழியில் ஒரு கல்யாண வீட்டு வேலை சீக்கிரம் முடிந்துவிட்டதால், காலையிலேயே வந்து தூணோரம் குந்தியிருந்தார்கள். மாலையும் வெற்றிலையும் தண்ணீர் தெளித்துத் தயாராக இருந்தன.

"பேராசிரியர்" என்றார் பணிப்பாளர். அதே மெல்லிய குரல்தான், ஆனால் ஒவ்வொரு சொல்லும் தெளிவாக வந்தது. "உங்களில ஒரு முறைப்பாடு வந்திருக்கு. நாங்கள் விசாரிச்சம். இனி நீங்கள் இந்த மாநாட்டில இருக்கேலாது. வாகனம் வருது."

அழகரத்தினத்தின் முகம் அப்படியே வெளிறிப்போனதை நான் பார்த்தேன். மீசையில் பட்டிஸ் துகள் ஒட்டியிருந்தது. 

அந்த நேரம் பார்த்து பண்டா வாகனத்தைக் கொண்டுவந்து, பின்பக்க இடது கதவு படிக்கட்டின் நடுவுக்கு நேராக இருக்கும்படி நிறுத்திக் கதவைத் திறந்தான்.

மேளம் தொடங்கியது. அதைத் தொடர்ந்து வெற்றிலைக் கட்டோடு ஒருத்தி ஓடி வந்தாள். மாலையோடு மற்றவள். மேளச் சத்தம் கேட்டதும் மண்டபத்துக்குள் இருந்த அறிவிப்பாளர் ஒலிவாங்கியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து, அழகரத்தினத்தின் பட்டங்களை முதலில் இருந்து அடுக்கத் தொடங்கினார். படக்காரர் பின்பக்கமாக நடந்தார், அவர் இடுப்புப் பட்டியைப் பிடித்துக்கொண்டு ஒருவர். யாரோ பெரிய ஆள் போகிறார் என்று மண்டபம் முழுக்க எழுந்து வெளியே வந்தது. கைதட்டல் வேறு.

நான் நடுவில் பாய்ந்து இரண்டு கைகளையும் ஆட்டி, "நிப்பாட்டுங்க, நிப்பாட்டுங்க" என்று கத்தினேன். செம்மஞ்சள் சட்டை போட்டவன் கையை ஆட்டினால் என்ன அர்த்தம்? பண்டா மறுபடி ஏறி வாகனத்தை இன்னும் ஒரு சாண் பின்னால் எடுத்தான். மேளக்காரர்கள் இன்னும் பலமாக அடிக்கச் சொல்கிறேன் என்று எடுத்துக்கொண்டார்கள். ரிஹானா கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்து ஏதோ சொல்லப் பார்த்தார். படக்காரர் அவரைத் தோளில் பிடித்து வரிசையில் நிறுத்திப் படம் எடுத்தார்.

அழகரத்தினம் முட்டாள் இல்லை. வெளிறிய முகத்துக்கு மெல்ல மெல்லத் தெளிவு திரும்பி வந்ததையும் நான் பார்த்தேன். மாலைக்குத் தலையைக் குனிந்து கொடுத்தார். வெற்றிலையை இரண்டு கைகளாலும் வாங்கினார். மீசையைத் துடைத்தார். பிறகு அறிவிப்பாளரின் கையிலிருந்த ஒலிவாங்கியைத் தானே எடுத்துக்கொண்டார். மேளம் மரியாதையாக நின்றது.

"எதிர்பாராத ஓர் அவசர அலுவல் காரணமாக உங்களை விட்டுப் பிரிய வேண்டியிருக்கிறது" என்று தொடங்கினார். சரி, இரண்டு வசனத்தில் முடித்துவிட்டுத் தொலைவார் என்று நினைத்தேன். அவர் தான் பள்ளிக்கூடம் போன காலத்துக்குப் போனார். அங்கிருந்து முதல் நூலுக்கு வந்தார். இடையில் ஒருமுறை பணிப்பாளரைக் கட்டி அணைத்தார். பணிப்பாளர் மரக்கட்டை போல நின்றார். பிறகு இந்த நிறுவனத்தின் ஒழுக்கக் கோவையைப் பாராட்டத் தொடங்கினார். பெண் ஆய்வாளர்கள் பயமில்லாமல் வந்து போகக்கூடிய இடங்கள் இன்று எவ்வளவு அவசியம் என்று உருகினார். அதற்கும் கைதட்டினார்கள். எனக்கு அங்கேயே என் செம்மஞ்சள் சட்டையைக் கழற்றி அவர் வாயில் அடைக்க வேண்டும் போல் இருந்தது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மண்டபம் காலி. யோகேஸ்வரியின் அமர்வு ஏற்கனவே தொடங்கியிருக்க வேண்டும். அதை அடுத்து மண்டபத்தில் நிறைவு விழாவுக்கு மேடை போட வேண்டும். இவர் இங்கே பேசப் பேச அங்கே அவளுடைய நேரம் போய்க்கொண்டிருந்தது. இவரைப் போகச் சொன்னதே அவளுக்காக. போகச் சொன்ன பிறகும் அவளுடைய நேரத்தை இவரே தின்றுகொண்டிருக்கிறார். நாங்கள் எல்லோரும் நின்று கைதட்டிக்கொண்டிருக்கிறோம்.

மண்டப வாசலில் யோகேஸ்வரி நின்றாள். அங்கிருந்து கூட்டத்தைப் பார்த்தாள், மாலையைப் பார்த்தாள், வெற்றிலையைப் பார்த்தாள். அவள் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. இந்தப் பிள்ளை இப்படியே வாசல் கேற்றால் இறங்கி கலஹா பஸ்ஸைப் பிடித்து ஒரேயடியாகப் போய்விடப் போகிறாள் என்று நினைத்தேன். இறங்கித்தான் வந்தாள். ஆனால் கேற்றுப் பக்கம் போகவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேரே படிக்கட்டுக்கு வந்து, அவருக்கு ஒரு படி மேலே நின்றாள். ஒலிவாங்கி இல்லாமலே எல்லோருக்கும் கேட்டது.

"சேர், உங்க நேரம் முடிஞ்சிருச்சு. இப்ப ஓடுறது என் நேரம்."

மேடையில் பேசும் பிள்ளைகளைப் பார்த்து அமர்வுத் தலைவர்கள் வழக்கமாகச் சொல்வது அது. அழகரத்தினமே எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பார்! ஆனால் ஒரு மாணவி ஒரு பேராசிரியரைப் பார்த்துச் சொல்லி யாரும் கேட்டதில்லை. அவர் வாய் பாதி வசனத்தில் நின்றுவிட்டது.

பேச்சு நின்றால் மேளம் அடிக்க வேண்டும் என்பது மேளக்காரர்களுக்குத் தெரியும். அடித்தார்கள். மேளம் இரண்டாம் முறை கேட்டால் விருந்தினரை ஏற்றிக்கொண்டு புறப்பட வேண்டும் என்பது பண்டாவுக்குத் தெரியும். அவன் இறங்கி வந்து அழகரத்தினத்தின் தோளில் பக்குவமாகக் கை வைத்து உள்ளே இருத்திக் கதவைச் சாத்தினான். மாலை பாதி உள்ளேயும் பாதி வெளியேயும் மாட்டிக்கொண்டது. வாகனம் கேற்றைத் தாண்டிப் பேராதனை வீதியில் ஏறும்வரை, நல்ல செவ்வந்தி மாலை, தெருவைக் கூட்டிக்கொண்டே போனது. படக்காரர் அதையும் எடுத்தார்.

"நேரம் போகுது, எல்லாரும் உள்ள வாங்க" என்று ரிஹானா கத்தினார். கூட்டம் என்ன நடந்தது என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டே உள்ளே போனது.

மண்டபத்தில் தலைவரின் கதிரை காலியாக இருந்தது. முன்னால் அழகரத்தினத்தின் பெயர்ப் பலகை. அந்தக் கதிரையில் யாரும் உட்காரத் துணியவில்லை. ரிஹானா பலகையைக் கவிழ்த்து வைத்துவிட்டு உட்கார்ந்தார். அறிவிப்பாளர் ஒலிவாங்கியை எடுத்து, "பேராசிரியர் அவர்கள் தவிர்க்க முடியாத அவசர அலுவல் நிமித்தம்" என்று ஆரம்பித்தார்.

"இல்லீங்க" என்றாள் யோகேஸ்வரி. பேசும் மேடைக்கு அவள் வந்துவிட்டிருந்தாள். "அவசர அலுவல் ஒண்ணும் இல்ல. அவர் எங்கிட்ட நடந்துகிட்ட விதத்தப் பத்தி நான் முறைப்பாடு குடுத்தேன். குழு விசாரிச்சு அவர வெளியேத்திருச்சு. மேளம் அடிச்சதால அது தெரியாமப் போயிறக் கூடாதுன்னு சொல்றேன். இனி கட்டுரைக்கு வாறேன்."

அந்த அமைதி எங்கள் அமைதி அறையில்கூட இருந்ததில்லை. முன்வரிசையில் இருந்த சேர்மார் தங்கள் கழுத்தட்டைகளைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். அடுத்ததாக என்ன வரப்போகிறதோ என்று பார்த்துக்கொண்டிருந்தேன். யாராவது எழுந்து சண்டைக்கு வரலாம். அதைவிட மோசமாக, யாராவது எழுந்து அவளைப் பாராட்டி நீளமாகப் பேசத் தொடங்கலாம்.

அவள் காத்திருக்கவில்லை. முதல் படத்தைத் திரையில் போட்டாள். தேயிலைத் தோட்டத்து லயங்களில் வரிசையாக ஒட்டி இருக்கும் வீடுகளுக்குத் தனித்தனி முகவரி இல்லாததைப் பற்றிய கட்டுரை அது. கடிதம் எல்லாம் தோட்டத்து அலுவலகத்துக்கு வந்து, அங்கே கிடந்து, யார் கையிலோ கொடுத்தனுப்பி, வேலைக்கான நேர்முகத் தேர்வு முடிந்த பிறகு அழைப்புக் கடிதம் கிடைத்தவர்கள், ஆஸ்பத்திரித் திகதியைத் தவறவிட்டவர்கள் என்று ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டு போனாள். ஆரம்பத்தில் தாளைப் பார்த்து வாசித்தாள். இரண்டாவது படத்துக்குப் பிறகு தாளைப் பார்க்கவில்லை. நான் கடைசி வரிசையில் நின்று கேட்டேன். எத்தனையோ மாநாடுகளுக்குக் கதிரை போட்ட நான், ஒரு கட்டுரையை முதலிலிருந்து கடைசிவரை கேட்டது அன்றுதான்.

அவள் முடித்தாள். கேள்விகள் ஏதும் உண்டா என்று ரிஹானா கேட்டார். யாரும் அசையவில்லை. அந்தப் பிள்ளையைப் பார்த்து எதைக் கேட்டாலும் அந்த முறைப்பாட்டைப் பற்றிக் கேட்டது போல ஆகிவிடும் என்ற பயம் எல்லோருக்கும். அவள் ஒலிவாங்கியைப் பிடித்தபடி நின்றாள். கோப்பைப் பிடித்த அதே பிடி.

பணிப்பாளர் எழுந்தார். பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார்.

"பிள்ளை, எனக்கு ஒண்டு விளங்கேல்லை. தோட்டத்து அலுவலகத்துக்குக் கடிதம் வாறது சரி. அங்கயிருந்து வீட்டுக்குக் கொண்டுபோய்க் குடுக்கிறது ஆருடைய பொறுப்பு எண்டு சட்டத்தில எங்கையாவது இருக்கோ?"

யோகேஸ்வரி கோப்பைத் திறந்தாள்.

"நல்ல கேள்வி சேர்" என்றாள். "அதுக்கு எங்கிட்ட ரெண்டு படம் தனியா இருக்கு."

பின்வரிசையில் இன்னும் இரண்டு கைகள் உயர்ந்தன.